அதே நாழிகையில் இன்னொருவர்

தலைவன் வீழ்ந்தால் படை சிதறும் என்பர். தலைவன் வீழத்தான் போகிறான் என்பதை முன்கூட்டியே விதியாக எழுதி வைத்துக்கொண்ட கூட்டமும் உலகில் உண்டு. பிற்காலத்தில் மென்னோனைட் என்று பெயர்பெற்ற கிறித்தவ சபைகளின் முன்னோரே அவர்கள்.

அறிந்து நம்பியவருக்கே ஞானஸ்நானம் என்ற கொள்கையோடு 1525 ஜனவரியில் ஜூரிச் நகரில் அவ்வியக்கம் பிறந்தது. இரண்டு ஆண்டுகள்கூட நிறையவில்லை. 1527 ஜனவரியில் அதன் முன்னோடி ஃபெலிக்ஸ் மான்ஸை நகர ஆட்சியினர் லிம்மாட் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றனர். அடுத்த மாதமே எஞ்சியோர் ஷ்லைட்ஹைம் என்ற சிற்றூரில் கூடி ஏழு விதிகளை வகுத்தனர். அவற்றுள் ஐந்தாவது மேய்ப்பரைப் பற்றியது.

அவ்விதியைச் சற்று நின்று நோக்குவோம். மேய்ப்பர் வேதம் வாசிக்க வேண்டும், போதிக்க வேண்டும், கண்டிக்க வேண்டும், அப்பம் பிட்க வேண்டும். அவருக்குக் குறை நேர்ந்தால் சபை தாங்க வேண்டும். அவரே தவறினால், இரண்டு மூன்று சாட்சிகளின் சொல்லைக் கொண்டு அவரையும் விசாரிக்கலாம். அவர் துரத்தப்பட்டாலோ கொல்லப்பட்டாலோ, அதே நாழிகையில் இன்னொருவரை அவ்விடத்தில் நியமித்துவிட வேண்டும்! அழுவதற்குக்கூட அவகாசம் தராத விதி இது. எனினும் தலைமையைப் பற்றி இதைவிட நேர்மையான விதியை நான் படித்ததில்லை. பதவி சபைக்குச் சொந்தம். ஆள் அதில் சிறிது காலம் நிற்பவர், அவ்வளவே. இவ்விதிகளை எழுதியவராகக் கருதப்படும் மைக்கேல் சாட்லர், மூன்றே மாதங்களில், 1527 மே மாதம், ரோட்டன்பர்க் நகரில் எரிக்கப்பட்டார்.

வடக்கே நெதர்லாந்துப் பகுதியில் கதை வேறாகச் சென்றது. 1536-இல் கத்தோலிக்கக் குருத்துவத்தைத் துறந்த மென்னோ சைமன்ஸுக்கு மூப்பர் பொறுப்பளித்தவர் ஓபே பிலிப்ஸ். அவரோ சில ஆண்டுகளில் இயக்கத்தையே விட்டு விலகினார். மென்னோ விலகவில்லை. தம் தலைக்கு அரசு விலை வைத்திருக்க, ஊர் ஊராய் அலைந்து சபைகளைக் காத்தார். அந்த உழைப்பை வணங்குகிறேன்.

ஆனால் மூப்பர்களின் கையில் சபைநீக்கம் என்ற அதிகாரம் திரண்டதை என்னால் ஒப்ப இயலவில்லை. வாளைத் துறந்தவர்களுக்கு அதுவே வாளாயிற்று. லேனர்ட் பவன்ஸ் என்ற மூப்பர் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு ஞானஸ்நானம் கொடுத்த பேருழைப்பாளி. அவரே, எம்டன் நகரில் ஸ்வான் ருட்கர்ஸ் என்ற பெண்ணின் கணவர் சபைநீக்கம் பெற்றபோது, மனைவியும் அவரை விட்டு விலக வேண்டும் என்றார். அப்பெண் மறுத்தாள். 1556-இல் மென்னோ முதலில் அவள் பக்கம் பேசினார். பின்னர் கடுமையாளர் பக்கமே சாய்ந்தார். மேய்ப்பரையும் சாட்சி வைத்து விசாரிக்கலாம் என்ற பழைய ஐந்தாம் விதி அந்த மூப்பர்களின் நினைவுக்கு வந்திருந்தால் என்ன குறைந்திருக்கும்?

இக்கடுமையை ஏற்காத வாட்டர்லாந்துப் பகுதிச் சபைகள் அக்காலத்திலேயே பிரிந்தன. மென்னோவின் பெயரால் அழைக்கப்படுவதையும் அவர்கள் விரும்பவில்லை. ஞானஸ்நானக் கொள்கையினர் என்று பொருள்படும் பெயரையே சூட்டிக்கொண்டனர். நெதர்லாந்தில் மென்னோனைட்டுகள் அனைவருக்கும் இன்று வழங்குவது அந்தப் பெயரே.