மருமகனின் காரும் மண்முனை எருமையும்

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை, தேநீர்க் கோப்பையும் பத்திரிகையுமாக நாம் திண்ணையில் அமர்ந்திருந்த வேளையில், வாசலில் ஓர் உறுமல் கேட்டது. மழை இருளோ என்று வானத்தைப் பார்த்தோம். வானம் துடைத்து வைத்தாற்போல் இருந்தது. உறுமியது எம் மருமகனின் கார். தங்கை மகன், வயது இருபத்தாறு, கொக்கட்டிச்சோலையிலிருந்து மட்டக்களப்பு நகருக்குத் தினமும் வேலைக்குச் சென்று வருகிறவன்.

கார் என்றால் சாதாரணக் கார் அன்று. சுசுகி சுவிஃப்ட் ஸ்போர்ட் என்னும் வகை. 2005 ஆம் ஆண்டில் வெளிவந்த மொடல், 1.6 லீற்றர் எஞ்சின், 125 குதிரைவலு, எடையோ ஆயிரத்துச் சொச்சம் கிலோ மட்டுமே. ஊர்க்குருவியின் உடம்பில் பருந்தின் இறக்கையை வைத்துத் தைத்தாற்போன்ற இத்தகைய வண்டிகளுக்கு மேல்நாட்டார் "ஹொட் ஹட்ச்" என்று பெயர் வைத்திருக்கின்றனர். 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 இல் மீண்டும் திறக்கப்படும் வரையில் பழைய கார்கள் பொன்விலை விற்றனவல்லவா? அக்காலத்தில் தாயின் குவைத் சேமிப்பையும் தன் சம்பளத்தையும் கூட்டி இவன் வாங்கிய கார் இது. ஆதலால் அதன்மேல் அவனுக்குள்ள பற்றை நாம் குறைத்துப் பேச மாட்டோம்.

"மாமா, பிரேக்கை மாத்தப் போறன். முன்னுக்குப் பெரிய டிஸ்க், நாலு பிஸ்டன் கலிப்பர். சீட்டுக் காசு அடுத்த மாதம் விழுகுது. போடட்டா?" என்றான்.

"இருக்கிற பிரேக்குக்கு என்ன வந்தது, மகன்?"

அவன் சற்று நேரம் பேசாதிருந்தான். பின்பு விஷயம் வெளியே வந்தது. முந்திய வியாழக்கிழமை இரவு ஏழரை மணிக்கு, நகரில் ரியூசன் வகுப்பு முடிந்த தங்கையை ஏற்றிக்கொண்டு மண்முனைப் பாலத்தைக் கடந்து படுவான்கரைப் பக்கம் வந்திருக்கிறான். எதிரே ஓர் உழவு இயந்திரம். அதன் விளக்கு கண்ணைப் பறித்தது. அது விலகியதும் பார்த்தால், நடுத்தெருவில் ஓர் எருமை. மிதித்தான். வண்டி நிற்கவில்லை. கைபிடியை ஒடித்து, இடப்புறச் சில்லுகள் இரண்டும் மணலில் இறங்க, வெளிக்கண்ணாடி எருமையின் கொம்பில் உரசிக் கழன்று தொங்க, வயலோரத்தில் போய் நின்றதாம். தங்கை முன் இருக்கையில் இருந்தாள். வீட்டில் இன்னும் ஒருவருக்கும் சொல்லவில்லை. அவளுக்கு ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுத்து வாயடைத்திருக்கிறான்.

கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் ஆலயத்தில் கல் நந்தி எழுந்து புல்லுண்டது என்பது அவ்வூரார் வழிவழியாகச் சொல்லிவரும் கதை. கல் நந்தி எழுந்திருக்கலாம். இரவில் தார்ச்சாலையின் இளஞ்சூட்டில் படுத்துவிட்ட உயிருள்ள எருமை எழுந்திருப்பதில்லை. இதனை அப்பகுதியில் வண்டி ஓட்டும் எவரும் அறிவர்.

"மிதித்தபோது காலடியில் என்ன தெரிந்தது?" என்று கேட்டோம்.

"பெடல் கடகடவென்று உதறிச்சுது மாமா. திருப்பி உதைக்கிற மாதிரி."

அந்த ஒரு சொல்லிலேயே பாதி விடை கிடைத்துவிட்டது. பெடல் உதறியது பிரேக்கின் பலவீனத்தால் அன்று. ஏபிஎஸ் என்னும் பொறி, சில்லுகள் சுழற்சி நின்று வழுக்கப் போவதை அறிந்து, பிரேக்கைக் கணத்துக்குக் கணம் தளர்த்திப் பிடித்ததன் அடையாளம் அது. அதாவது, பிரேக்கு சில்லை நிறுத்தும் வலிமையோடுதான் இருந்தது. ரயருக்கும் தெருவுக்கும் இடையிலுள்ள பிடிதான் போதவில்லை. பிரேக்கு சில்லை நிறுத்தும். வண்டியை நிறுத்துவது ரயர். நான்கு உள்ளங்கை அகலமுள்ள இறப்பர்த் துண்டுகளே காரை நிலத்தோடு பிணைத்திருக்கின்றன. பிணைப்பு அவ்வளவுதான் என்றிருக்க, மேலே நாலு பிஸ்டன் வைத்தாலென்ன, நாற்பது வைத்தாலென்ன? சில்லு இன்னும் விரைவில் வழுக்கப் பார்க்கும். ஏபிஎஸ் இன்னும் விரைவில் தளர்த்தும். எருமைக்கும் காருக்கும் இடையிலான தூரம் அவ்வளவே இருக்கும்.

எழுந்து போய் ரயரைப் பார்த்தோம். பக்கச் சுவரில் நீள்வட்டத்துள் நான்கு இலக்கங்கள் உண்டு. முதல் இரண்டும் வாரத்தையும், பின் இரண்டும் ஆண்டையும் குறிப்பன. அவன் ரயரில் 2415 என்றிருந்தது. 2015 ஆம் ஆண்டின் இருபத்துநான்காம் வாரத்தில் பிறந்த ரயர்! வரிகள் ஆழமாகத்தான் இருந்தன. ஆனால் இறப்பர் நகத்தால் கீறினாலும் பதியாத அளவுக்கு இறுகியிருந்தது. ரயர் தேயாமலே கிழடாகும் என்பதைப் பலர் எண்ணுவதில்லை. நம் வெயிலுக்கு அந்த முதுமை இன்னும் சீக்கிரம் வந்துவிடுகிறது.

"என்ன வேகம் வந்தாய்?" என்பது அடுத்த கேள்வி.

"எண்பது இருக்கும்," என்றான் தரையைப் பார்த்து. நகர எல்லைக்கு வெளியே கார்களுக்கு 70 கிலோமீற்றர் என்பதே நாட்டின் சட்டம்.

நம் பழைய கணக்குப் புத்தி விழித்துக்கொண்டது. பத்திரிகை ஓரத்திலேயே போட்டுக் காட்டினோம். மாணவ நேயர்களும் போட்டுப் பார்க்கலாம். கண் கண்டு, மனம் தெளிந்து, கால் மிதிக்க ஒரு செக்கன் என்று கொள்வோம். அந்த ஒரு செக்கனில் 80 கிலோமீற்றர் வேகத்து வண்டி 22 மீற்றர் ஓடிவிடும். அதன்பின், உலர்ந்த தெருவில் நடுத்தரமான ரயரோடு நிற்க இன்னும் 36 மீற்றர் வேண்டும். ஆக 58 மீற்றர். 60 கிலோமீற்றரில் வந்திருந்தால்? பதினேழும் இருபதும்: 37 மீற்றர். தாழ்த்திய விளக்கு நாற்பது ஐம்பது மீற்றருக்கு மேல் தெளிவாகக் காட்டாது என்பதையும் இதனோடு சேர்த்து நினைக்க வேண்டும்.

இதில் இன்னொரு சூட்சுமம் உண்டு. 60 இல் வந்த வண்டி முற்றாக நின்றுவிடும் அந்த 37 ஆவது மீற்றரில், 80 இல் வந்த வண்டி என்ன வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்? இருபது என்பான் பெரும்பாலான வாலிபன். எம் மருமகனும் அப்படியே சொன்னான். கணக்கோ ஏறக்குறைய 60 என்கிறது. வேகத்தின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தின்படி ஏறுவதால் வரும் வினை இது. பென்சிலை அவன் வாங்கித் தானே மறுமுறை போட்டுப் பார்த்தான். அதன்பிறகு சற்று நேரம் தேநீரைத் தொடவில்லை.

நல்ல புதிய ரயர் போட்டால் அந்த 36 மீற்றரில் நாலைந்து மீற்றர் குறையும். ஓர் எருமையின் நீளத்துக்குச் சற்று அதிகம்! அதை நாம் அற்பமாக எண்ணவில்லை.

அப்படியாயின் பெரிய பிரேக்குக்கு வேலையே இல்லையா என்று கேட்கலாம். உண்டு, அது வெப்பத்தின் கதை. பிரேக்கு என்பது ஓட்டத்தைச் சூடாக மாற்றும் அடுப்பு. ஆயிரம் கிலோ எடையுள்ள காரை 100 கிலோமீற்றர் வேகத்திலிருந்து ஒருமுறை நிறுத்தினால், ஒரு லீற்றருக்கு மேற்பட்ட தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதிய வெப்பம் பிறக்கும். ஒருமுறை என்றால் இரும்புத் தட்டு அதைத் தாங்கிக் காற்றில் விட்டுவிடும். திரும்பத் திரும்ப மிதித்தால் ஆறுவதற்கு நேரமிராது. பாட் உராய்வை இழக்கும். பிரேக் ஒயில் கொதித்துக் குமிழி விடும். பெடல் பஞ்சுபோல் அடிவரை இறங்கும். 1953 ஆம் ஆண்டு லீ மான் இருபத்துநான்கு மணிப் பந்தயத்தில் ஜாகுவார் கார்கள் வென்றதற்கு, வெப்பத்தை எளிதில் வெளியேற்றும் டன்லப் டிஸ்க் பிரேக்குகளே பெருங்காரணம் என்பர். பழைய டிரம் பிரேக்குகளோடு வந்தவர்கள் ஒவ்வொரு வளைவிலும் முன்னதாகவே மிதிக்க வேண்டியிருந்தது.

நமது நாட்டில் அந்த நிலைமை எங்கே வரும்? 1934 முதல் பேர்போன நுவரெலியா மஹகஸ்தோட்டை மலையேற்றம் போன்ற பந்தயங்களில் பழகுவோர்க்கு இது மெய்க்கவலை. நமக்கோ, கண்டியிலிருந்து மஹியங்கனைக்கு இறங்கும் பதினெட்டு வளைவுகளில் வரலாம். ஒரு நூறு மீற்றர் உயரம் இறங்கும்போது, முழுவதையும் பிரேக்கே சுமந்தால், 100 கிலோமீற்றரிலிருந்து இரண்டரை முறை நின்றதற்கு ஒப்பான சூடு பிறக்கும். ஆயினும் அதற்கு மருந்து கடையில் இல்லை. கியர்த் தடியில் இருக்கிறது. இரண்டாம் கியரில் இறங்கினால் எஞ்சினே பாதிப் பாரத்தைப் பிடித்துக்கொள்ளும். பல ஆண்டுகளுக்கு முன்னர் வாடகை வான் ஒன்றில் குடும்பத்தோடு அவ்வழி இறங்கியபோது, சாரதியார் எண்ணெய் மிச்சம் பிடிப்பதாக எண்ணிக் கியரை விடுவித்து உருட்டிக்கொண்டு வந்தார். எட்டாம் வளைவில் எரிந்த நாற்றம் மூக்கைத் துளைத்தது. இறங்கி ஒரு மணி நேரம் மரத்தடியில் இருந்தோம். அன்று பிரேக்கின்மேல் யாதொரு குற்றமும் இல்லை.

தொழிற்சாலை போட்டது எல்லாம் சரி என்றும் நாம் வாதாட வரவில்லை. இவ்வகைக் கார்களுக்கு முன்னோடியாகிய வொக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ, 1976 இல் விற்பனைக்கு வந்தது. வலப்புறம் கைபிடி வைத்த வண்டிகளில், பிரேக்கின் பிரதான உருளை இடப்புறத்திலேயே விடப்பட்டு, குறுக்கே ஒரு தண்டு வழியாகப் பெடலோடு இணைக்கப்பட்டது. மிதிப்பதில் ஒரு பகுதி தண்டின் நெளிவிலேயே கழிந்துவிடும். அவ்வண்டியின் பிரேக்கைத் திருத்தியவர்கள் வீண்செலவு செய்தவர்கள் அல்லர்.

தேரையே எடுத்துக்கொள்வோமே. தேரோட்டத்தால் பேர்பெற்ற ஊரில் இருந்துகொண்டு இதைச் சொல்லாமல் விடலாகாது. உருளும் தேரின் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை வைத்து நிறுத்துவதும் திருப்புவதும் உயிரைப் பணயம் வைக்கும் வேலை. திருவாரூர் ஆழித்தேர் போன்ற மாபெருந்தேருக்குக் கட்டையும் கையும் போதாது என்று கண்டுதான், திருச்சிராப்பள்ளிப் பாரத மிகுமின் நிறுவனத்தார் இரும்புச் சக்கரங்களும் நீரழுத்தப் பிரேக்கும் அமைத்துக் கொடுத்தனர். அங்கே குறை இன்னதென்று தெரிந்திருந்தது. எம் மருமகனின் காரிலோ குறை வேறிடத்தில்.

முன்பக்கம் மட்டும் பெரிதாக்குவதில் வேறு தொல்லைகளும் உண்டு. முன் பின் பிரேக்குகளின் பங்கீடு குலையலாம். புதிய பிஸ்டன்களுக்குக் கூடுதல் ஒயில் வேண்டுமானால் பெடல் நீளமாக இறங்கும். பெரிய தட்டுக்குப் பெரிய சில்லும் தேவைப்படலாம். பந்தயப் பாட்டுகளோ சூடேறிய பின்னரே நன்றாகப் பிடிப்பவை. காலை ஏழு மணிக்கு ஆரையம்பதிச் சந்தியில் பள்ளிப் பிள்ளை குறுக்கே வரும்போது அவை குளிர்ந்திருக்கும். போலிச் சாமான்களைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்தப் பக்கம் போதாது. இவ்வளவையும் மீறி மாற்றுவோர் காப்புறுதிக்காரருக்கு முன்னதாகவே அறிவித்துவிடுவது நல்லது.

"அப்ப சீட்டுக் காசை என்ன செய்யிறது?" என்றான்.

முதலில் நான்கு ரயர்கள். அடுத்தது பிரேக் ஒயில். அவன் வாங்கியது முதல் மாற்றியதே இல்லையாம். அந்த ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டொட் 3 என்னும் வகை புதிதாயிருக்கையில் 205 பாகை செல்சியசுக்குக் குறையாமல் தாங்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறிவிட்டால் அந்த வரம்பு 140 ஆக இறங்கிவிடும். வாவிக்கரையில் உப்பு டப்பாவே கசிகிறது. ஒயில் டப்பா கசியாதா? இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிட வேண்டும். டொட் 4 வாங்கினால் இன்னும் நன்று. டொட் 5 என்பது சிலிக்கோன் வகை. பெயரின் ஒற்றுமை கண்டு அதைக் கலந்துவிடலாகாது. கலிப்பரின் வழுக்கு ஊசிகளைக் கழற்றி மணலும் துருவும் போகத் துடைத்து, அதற்கென உள்ள கிறீசு பூசச் செய்ய வேண்டும். வெடித்த இறப்பர்க் குழாய் இருந்தால் மாற்ற வேண்டும். நல்ல பாட். இவ்வளவோடு, இரவில் அந்தத் தெருவில் அறுபதுக்கு மேல் போவதில்லை என்று தங்கையின் முன்னால் ஒரு வாக்கு.

மண்முனையில் 2014 இல் பாலம் வருமுன்னர், இக்கரைக்கும் அக்கரைக்கும் "பாதை"யில்தான் போய்வந்தோம். வாகனமும் சனமும் ஒன்றாய் ஏறும் அந்த மிதவைக்குப் பிரேக்கு ஏது? அவசரம் என்பதும் அன்று இல்லை. இன்று பாலத்தை ஒரு நிமிடத்துக்குள் கடந்துவிடுகிறோம். மிச்சம் பிடித்த அந்த நேரத்தை எல்லாரும் எங்கே வைத்திருக்கிறார்கள் என்பது எமக்கு விளங்கவில்லை.

நேற்று மருமகன் மறுபடி வந்தான். ரயர் மாறியிருந்தது, ஒயிலும் மாற்றியாயிற்றாம், பழையது தேயிலைச் சாயம்போல் வந்தது என்றான். தாயிடம் எருமை விவகாரத்தையும் சொல்லிவிட்டானாம். தங்கைக்கு இனி ஐஸ்கிறீம் கிடையாது. சில்லின் இடைவெளியால் குனிந்து பார்த்தோம். பழைய கலிப்பர்கள் இரண்டும் செக்கச்செவேலென்று சிவப்புச் சாயத்தில் பளபளத்தன.

"சாயம் மட்டும்தான் மாமா," என்றான். பாட்டிலும் தட்டிலும் ஒரு துளியும் படவில்லை என்பதைப் பார்த்துக்கொண்டோம். சாயத்துக்கு நாம் தடை சொல்லவில்லை.