முதலில் ப்ரேக், அப்புறம்தான் அலாய்

லீவு நாளில் நம்ம பசங்க கார் எடுத்தால் போகும் இடங்களில் பச்சைமலையும் ஒன்று. துறையூர் தாண்டி, சோபனபுரம் அடிவாரத்தில் இருந்து டாப் செங்காட்டுப்பட்டி வரை வளைந்து வளைந்து ஏறும் ரோடு. ஏறும்போது எல்லாரும் என்ஜின் பவரைப் பற்றிப் பேசுவோம். இறங்கும்போது காரில் இருக்கும் நாலு பேர் உயிரும் ப்ரேக்கை நம்பித்தான் இருக்கு. ஆனா காருக்குச் செலவு பண்ணும்போது மட்டும் முதலில் அலாய் வீல், கடைசியில் ப்ரேக். இந்த வரிசை தப்பு என்பதுதான் என் கட்சி.

கணக்குப் போட்டுப் பாருங்க. ஆட்களோடு சேர்த்து 1300 கிலோ இருக்கும் கார், உயரத்தில் 100 மீட்டர் இறங்கினால் 1300 × 9.8 × 100, அதாவது சுமார் 12.7 லட்சம் ஜூல். அதே கார் 100 கி.மீ. வேகத்தில் இருந்து ஒரே அழுத்தில் நிற்க, ப்ரேக் விழுங்க வேண்டியது சுமார் 5 லட்சம் ஜூல்தான். ஒவ்வொரு 100 மீட்டர் இறக்கமும் அப்படி இரண்டரை தடவை நிறுத்துவதற்குச் சமம். காற்றும் என்ஜினும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். நியூட்ரலில் உருட்டினால் என்ஜின் பங்கு பூஜ்யம். மிச்சம் எல்லாம் டிஸ்க்கில் சூடாக இறங்கும்.

அதனால் பெரிய ப்ரேக் போட ஆசைப்படுவதில் தப்பே இல்லை. ஆனா அது எதற்கு என்று தெரிந்து போடணும். முதல் அழுத்திலேயே ஏபிஎஸ் துடிக்கிறது என்றால், உங்கள் எல்லை டயரின் பிடிப்பு, ப்ரேக் அல்ல. பெரிய டிஸ்க் தருவது சூட்டைத் தாங்கும் சக்தி. பத்தாவது வளைவிலும் பெடல் முதல் வளைவில் இருந்த மாதிரியே இருக்கும், அவ்வளவுதான். முன்பக்கம் மட்டும் கண்டபடி பெரிதாக்கினால் முன்-பின் சமநிலை கெட்டு, நிற்கும் தூரம் கூடினாலும் கூடும்.

சரி, போடுவது என்று முடிவு பண்ணிட்டீங்க. இப்போ வீல். வழக்கமா நம்ம ஆட்கள் கேட்பது ஒரே கேள்வி: "எத்தனை இஞ்ச்?" அது பாதிக் கேள்விதான். 17 இஞ்ச் என்பது டயர் உட்காரும் இடத்தின் விட்டம். கேலிப்பர் உள்ளே சுற்றிவரும் இடம் அதைவிடக் குறைவு. அதைவிட முக்கியம், கேலிப்பரின் முகத்துக்கும் ஸ்போக்கின் முதுகுக்கும் நடுவில் உள்ள இடைவெளி. ஒரே 17 இஞ்ச், ஒரே அகலம், ஒரே ஆஃப்செட் உள்ள இரண்டு வீல்களில் ஒன்று ஜம்முனு உட்காரும், இன்னொன்று இடிக்கும். ஒன்றின் ஸ்போக் வெளியே வளைந்திருக்கும், மற்றது உள்ளே குழிந்திருக்கும். இதை எந்த நம்பரும் சொல்லாது.

சொல்லக்கூடியது ஓர் அட்டை. தரமான ப்ரேக் கிட் செய்பவர்கள் கேலிப்பரின் வடிவத்தை அசல் அளவிலேயே படமாகத் தருகிறார்கள். அதை அச்சடித்து, அட்டையில் ஒட்டி வெட்டி, வாங்கப் போகும் வீலுக்குள் வைத்துச் சுற்றிப் பாருங்க. அச்சடித்ததும் ஸ்கேல் வைத்து அளந்துக்கோங்க. பிரின்டர் தாளுக்கு ஏற்றாற்போல் சுருக்கியிருந்தால் மொத்தமும் வீண். சுற்றிலும் 3 மி.மீ. இடைவெளியாவது வேண்டும். வளைவில் வீல் கொஞ்சம் நெளியும், சூட்டில் உலோகம் விரியும். மிதக்கும் கேலிப்பர் என்றால் புது பேட் போட்டுப் பாருங்க, அப்போதுதான் அது ஸ்போக்குக்கு மிக அருகில் இருக்கும். பேலன்ஸ் பண்ணும்போது ரிம்முக்குள் ஒட்டும் எடைகளையும் மறக்காதீங்க; அதன் தடிமனுக்கும் இடம் விடணும்.

இடம் போதலன்னா என்ன செய்வோம்? ஸ்பேசர். இல்லன்னா கேலிப்பரையே கிரைண்டரில் தேய்ப்பது. இரண்டாவதைப் பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம். அதிக அழுத்தத்தையும் சூட்டையும் தாங்க அளந்து செய்த பொருள் அது. ஸ்பேசர் போட்டால் வீல் வெளியே தள்ளும். பேரிங்குக்குச் சுமை கூடும், ஸ்டியரிங் குணம் மாறும், மட்கார்டு உரசும். அதைவிட, நட் பிடிக்கும் மரை குறையும். ஸ்டட்டின் விட்டம் அளவுக்காவது நட் மரையில் ஏறியிருக்கணும். நடு ஓட்டை ஹப்பில் கச்சிதமாக உட்காரலன்னா ஸ்டியரிங் ஆடும். சரியான வீலையே வாங்குவது இதையெல்லாம்விட மலிவு.

டயருக்கும் ஒரு கணக்கு உண்டு. 185/65 ஆர்15 டயரின் மொத்த விட்டம் சுமார் 621 மி.மீ. 205/45 ஆர்17 சுமார் 616. வெளியே பார்த்தால் ஒன்றுதான். ஆனா பக்கச் சுவர் 120 மி.மீ.யில் இருந்து 92-க்குக் குறைந்துவிட்டது. மலை ரோட்டின் குழியில் அந்த 28 மி.மீ.க்குப் பதில் அடி வாங்கப் போவது உங்கள் புது ரிம். சுமை எண்ணையும் பாருங்க: 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும், 84 என்றால் 500 தான். ஆக, ப்ரேக்கை மூடும் அளவில் மிகச் சிறிய வீல்தான் நல்ல வீல். எடையும் குறையும்.

பெரிய ஆட்களும் இந்தக் கணக்குக்குள்தான். ஃபார்முலா 1 கார்கள் 13 இஞ்ச் வீலோடு இருந்தவரை முன் டிஸ்க் 278 மி.மீ. தான். 2022-ல் 18 இஞ்சுக்கு மாறியபோதுதான் 328 மி.மீ. வரை போக முடிந்தது. நம்ம காலேஜ் ஃபார்முலா டீமில் இருப்பவர்களைக் கேளுங்க. 10 இஞ்ச் வீலுக்குள் டிஸ்க், கேலிப்பர், அப்ரைட் மூன்றையும் திணிக்க எத்தனை ராத்திரி கேட்-டில் உட்கார்ந்தார்கள் என்று சொல்வார்கள். அங்கே வீலையும் ப்ரேக்கையும் ஒன்றாகவே வரைகிறார்கள். சொந்த கார் என்றதும் மட்டும் அந்தப் படிப்பை ஹாஸ்டலிலேயே விட்டுவிட்டுப் போவது ஏன்?

சட்டமும் இருக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் சொன்னதில் இருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. எதை மாற்றுவதற்கு முன்பும் ஆர்.டி.ஓ. ஆபீசிலும் இன்ஷூரன்ஸ்காரரிடமும் கேட்டுக்கோங்க.

"இவ்வளவு காசு இல்லை" என்பவர்களுக்கு: பச்சைமலை இறங்க உங்களுக்குப் பெரும்பாலும் பெரிய ப்ரேக்கே தேவைப்படாது. ப்ரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 4 குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் அந்த வரம்பு 155-க்கே இறங்கிவிடும். கொதித்தால் குமிழி, குமிழி வந்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றுங்க, நல்ல பேட் போடுங்க, ஏறிய கியரிலேயே இறங்குங்க. மூன்றும் சேர்ந்தாலும் ஓர் அலாய் செட் விலைக்குப் பக்கத்தில்கூட வராது.

அதற்கு மேலும் காசு இருந்தால், அட்டையை வெட்டிக்கொண்டு வீல் கடைக்குப் போங்க. கடைக்காரர் சிரிப்பார். சிரிக்கட்டும்.