உறங்கும் கருவிகளும் விழிக்கும் வேளையும்

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல் மாணவன், இயற்பியல் துறை)

கம்பியில்லாக் கருவி ஒன்று மின்சாரத்தை எப்போது மிகுதியாகச் செலவழிக்கும்? பேசும்போதா, கேட்கும்போதா? வகுப்பு நண்பர்கள் சிலரைக் கேட்டுப் பார்த்தேன். "இதிலென்ன சந்தேகம், பேசும்போதுதான்" என்றார்கள். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். ஆனால் உணர்விக் கருவிகளில் பல்லாண்டு பயன்பட்ட சிசி2420 என்னும் சில்லின் விவர ஏட்டைப் புரட்டியபோது வியந்தேன். முழுத் திறனோடு அலையை அனுப்ப 17.4 மில்லி ஆம்பியர்; யாராவது பேசுகிறார்களா என்று காத்துக் கேட்க 18.8 மில்லி ஆம்பியர்! ஊமையாய் நின்று கேட்பதற்கே செலவு அதிகம். 2500 மில்லி ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள பேட்டரி ஐந்தரை நாளில் தீர்ந்துபோகும். நூற்றில் ஒரு பங்கு நேரம் மட்டும் விழித்துக் கேட்டு, மீதி நேரம் 20 மைக்ரோ ஆம்பியரில் உறங்கினால் அதே பேட்டரி ஏறத்தாழ 500 நாள் உழைக்கும். ஆகவே, இத்தகைய கருவிகளுக்கு உறக்கமே உயிர் என்றால் மிகையாகாது.

சிக்கல் இங்கேதான் பிறக்கிறது. ஒன்று பேசும் வேளையில் மற்றொன்று உறங்கினால் பேச்சு வீண். பாதிக் கருவிகள் விழித்திருந்தால் பாதிச் சந்திப்புகளாவது பதிவாகும் என்று கணக்கிடுவோர் உண்டு. சந்திப்புக்கு இருவர் வேண்டுமே! பாதியில் பாதி, கால் பங்குதான் தேறும். எனவே உறங்கும் வேளையை ஒவ்வொரு கருவியும் தன் விருப்பப்படி வைத்துக்கொள்ள முடியாது. வலை முழுவதற்கும் பொதுவாக அதை வகுக்க வேண்டும். அப்படி வகுக்கும்போது கடைசி ஏழையின் கையிலிருக்கும் கருவியை முதலில் நினைக்க வேண்டும் என்பது என் கருத்து.

ஏன் இப்படிச் சொல்கிறேன்? 2020ஆம் ஆண்டு மே மாதத்தை நம் அரியலூர், பெரம்பலூர் மாவட்டத்தார் மறந்திருக்க முடியாது. கோயம்பேடு சந்தையில் மூட்டை தூக்கியவர்களும் கடையில் நின்றவர்களும் ஊர் திரும்பினார்கள். மே 5ஆம் நாள் சந்தை மூடப்பட்டது. மறுநாள் தமிழகம் முழுவதும் தொற்றுக் கண்ட 771 பேரில் 188 பேர் அரியலூர் மாவட்டத்தார். காய்கறி லாரியின் பின்புறம் அமர்ந்து வந்தவர்களுள் என் அப்பாவும் ஒருவர். பள்ளிக் கட்டடத்தில் தங்கவைத்து, "லாரியில் பக்கத்தில் யார் யார் இருந்தார்கள்?" என்று கேட்டார்கள். அப்பா விரல் விட்டு எண்ணினார். இருபது பேருக்குக் குறையாது என்றார். ஊர் தெரிந்தது ஏழு பேருக்குத்தான். மற்றவர்களை நடுவழியில், இருட்டில், ஏதேதோ கைகாட்டியருகே இறக்கிவிட்டார்களாம்.

இதே கேள்விக்கு விடை சொல்லத்தான் அவ்வாண்டு ஏப்ரல் 2ஆம் நாள் 'ஆரோக்கிய சேது' செயலியை மத்திய அரசு வெளியிட்டது. அருகருகே இருக்கும் கைபேசிகள் புளூடூத் மூலம் ஒன்றையொன்று குறித்துக்கொள்ளும். மே முதல் நாள் ஆணை, வேலைக்குச் செல்வோர் அனைவருக்கும் அதைக் கட்டாயமாக்கியது. மே 17ஆம் நாள் ஆணை இயன்றவரை என்று தளர்த்தியது. ஆனால் அப்பாவிடம் இருந்தது பொத்தான் போன். அதிலும் புளூடூத் உண்டு, கடையில் பாட்டு ஏற்றிக்கொள்ள! செயலிக்கு அதில் இடமில்லை. அத்தகைய போன்களுக்கு 1921 என்ற எண்ணைக் கொடுத்தார்கள். உடல்நிலையை அது விசாரிக்கும். பக்கத்தில் யார் இருந்தார் என்பதை அது எப்படி அறியும்?

விலை உயர்ந்த போன் வைத்திருந்தவர்களுக்கும் தொல்லை இல்லாமல் இல்லை. திரைக்குப் பின்னால் ஓடும் செயலிகளை உறங்கவைத்துப் பேட்டரியைக் காப்பது இக்காலப் போன்களின் இயல்பு. சிங்கப்பூரில் 2020 மார்ச்சில் வந்த 'டிரேஸ்டுகெதர்' செயலியை ஐபோனில் திறந்தே வைத்திருக்க வேண்டியிருந்தது. நாள் முழுவதும் திறந்து வைப்பவர் யார்? ஆப்பிளும் கூகுளும் சேர்ந்து அவ்வாண்டு வகுத்த முறை இதைச் சரியாகவே புரிந்துகொண்டது: அடையாளத்தைச் சொல்வது நொடிக்கு நான்கைந்து முறை, பிறர் குரலைக் கேட்பதோ சில நிமிடங்களுக்கு ஒருமுறை, சிறிது நேரம் மட்டும். சொல்வது மலிவு, கேட்பது செலவு என்ற கணக்குத்தான்.

எனக்கு மிகவும் பிடித்தது சிங்கப்பூரின் அடுத்த செயல். போன் இல்லாத முதியோருக்காக 2020 ஜூன் இறுதியில் சிறு வில்லை ஒன்றை வழங்கத் தொடங்கினார்கள். திரை இல்லை, பாட்டு இல்லை. மாதக்கணக்கில் மின்னேற்றமும் வேண்டியதில்லை. அப்படி ஒன்று லாரியில் வந்த ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் இருந்திருந்தால், மீதிப் பதின்மூன்று பேரையும் தேடி அலைந்திருக்க வேண்டாம். சேர்ந்த விவரம் யார் கைக்குப் போகும் என்று கேட்கிறீர்களா? கேட்கத்தான் வேண்டும், வில்லையைக் கையில் வாங்குமுன்பே.

நம் துறைப் பேராசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் செய்முறைத் திட்டம் என்று அதே பழைய மின்சுற்றுகளைப் படியெடுக்கிறோம். இவ்வாண்டு இரண்டு புளூடூத் சில்லுகளை வாங்கி, எவ்வளவு உறங்கினால் எத்தனை சந்திப்பு தவறுகிறது என்று எங்களை அளக்க விடுங்கள். ஆய்வுக்கூடத்தில் மைக்ரோ அம்மீட்டர் இருக்கிறது. முள் சற்று ஒட்டும். மெல்லத் தட்டினால் நகரும்.