வண்ண மீனுக்கு முன் தண்ணீரைக் கவனிக்க வேண்டும்

போடிநாயக்கனூர் மலைச்சரிவில் ஏலத்தை நம்பி வாழும் சிறு விவசாயி உபதொழில் தேடுவதில் வியப்பில்லை. 2019 ஆகஸ்டில் புற்றடி ஏல மையத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய் வரை போயிற்று. 2022இல் சராசரி விலை 1,000 ரூபாய்க்கும் கீழே இறங்கிற்று. இப்படி ஏறி இறங்கும் பயிரை வைத்துக்கொண்டு குடும்பச் செலவுக்குத் திட்டம் போட முடியாது. ஆகவே வீட்டுத் திண்ணையிலேயே செய்யக்கூடிய வண்ண மீன் வளர்ப்பின் மீது சிலருக்கு நாட்டம் ஏற்படுகிறது.

நாட்டம் நல்லதே. ஆனால் பெரும்பாலோர் தொடங்கும் இடம்தான் தவறு. கடைக்குப் போய் மீனை வாங்கி வந்த பிறகு தொட்டியைத் தேடுகிறார்கள். மீன் செத்த பிறகு தண்ணீரை நினைக்கிறார்கள். முறை இதற்கு நேர்மாறானது. முதலில் தண்ணீர், அடுத்தது செடி, கடைசியில்தான் மீன்.

ஜிலேபியின் சின்ன உறவினர்

சிறு தொட்டிக்கு ஏற்றவை சிக்லிட் குடும்பத்தைச் சேர்ந்த சின்ன மீன்கள். பெயர் புதிதாக இருந்தாலும் குடும்பம் புதிதல்ல. வைகை அணையில் பிடிபடும் ஜிலேபிக் கெண்டையும் இதே குடும்பந்தான். சின்ன வகைகள் இரண்டு, மூன்று அங்குலத்துக்குள் அடங்கும். ஆணும் பெண்ணும் ஜோடி சேர்ந்து, இடம் பிடித்து, முட்டையையும் குஞ்சையும் காவல் காக்கும். செடி அடர்ந்த தொட்டியில் இவை அச்சமின்றி இருக்கும், இனப்பெருக்கமும் எளிது.

தண்ணீரே மீனைத் தேர்ந்தெடுக்கும்

குரங்கணிப் பக்கம் மலையிலிருந்து வரும் ஓடை நீரில் சோப்பு நன்றாக நுரைக்கும், அது மென்னீர். அடிவாரத்து ஆழ்குழாய்க் கிணற்று நீரில் பல இடங்களில் சோப்பு நுரைக்காது. அது கடின நீர். தென்அமெரிக்காவில் ஓரினோகோ ஆற்றுப் படுகையைச் சேர்ந்த ராம் சிக்லிட்டுக்கு மென்னீர் வேண்டும். 27 முதல் 29 டிகிரி வெப்பமும் வேண்டும். மேல்சரிவில் இரவுக் குளிருக்கு ஹீட்டர் இல்லாமல் அது பிழைக்காது. மின்தடை உள்ள ஊரில் இது ஆபத்தான சூதாட்டம்.

கடின நீர் உள்ளவருக்கு நம் நாட்டு மீனே இருக்கிறது. கேரளத்தில் பள்ளத்தி என்று அழைக்கப்படும் மஞ்சள் நிறச் சிறுமீன் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரியது. நன்னீரிலும் உப்பங்கழியிலும் வாழும். தாய், தந்தை இரண்டும் சேர்ந்து குஞ்சு காக்கும். குஞ்சுகள் பெற்றோரின் உடல்மேல் சுரக்கும் வழுவழுப்பைக் கொத்தித் தின்னும். வெளிநாட்டு மீனுக்கு அலைவதைவிட, முதல் முயற்சிக்கு இதுவே உத்தமம்.

மருந்துத் தெளிப்பு எனும் எமன்

போடிச் சரிவில் மற்ற ஊர்களுக்கு இல்லாத இடையூறு ஒன்று உண்டு. ஏலத் தோட்டங்களில் பூச்சிமருந்து அடிக்கடி தெளிக்கப்படுகிறது. பைரித்ராய்டு வகை மருந்துகள் மனிதனைவிட மீனுக்குப் பன்மடங்கு கொடியவை. அழுகல் நோய்க்கு அடிக்கும் போர்டோ கலவையில் மயில்துத்தம் இருக்கிறது. 100 லிட்டர் நீருக்கு 1 கிலோ மயில்துத்தம் என்றால், அதில் ஏறத்தாழ 250 கிராம் தாமிரம். மென்னீரில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்கும் குறைவாகக் கரைந்த தாமிரமே சிறு மீனைக் கொன்றுவிடும். எந்த நீர் ராம் சிக்லிட்டுக்கு உகந்ததோ, அதே நீரில்தான் தாமிரத்தின் நஞ்சும் கடுமையாக வேலை செய்கிறது.

எனவே தோட்டத்துக்குக் கீழே ஓடும் நீரைத் தெளிப்புக் காலத்திலும், அதன் பின் பெய்யும் முதல் மழையிலும் எடுக்கவே கூடாது. தெளிப்பான் கழுவிய வாளி, கை பட்ட குவளை எதுவும் தொட்டிப் பக்கம் வரக்கூடாது. சந்தேகமான நீரில் இரண்டு கப்பி மீன்களை மூன்று நாள் விட்டுப் பார்ப்பது விலை உயர்ந்த ஜோடியைக் காப்பாற்றும்.

தொட்டி அமைப்பு

மூன்றடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், ஒன்றேகால் அடி உயரம் உள்ள கண்ணாடித் தொட்டி போதும். மண்ணும் மணலும் போக சுமார் 100 லிட்டர் நீர் பிடிக்கும். அடியில் ஒரு அங்குலம் சலித்த செம்மண், அதன்மேல் இரண்டு அங்குலம் நன்கு கழுவிய ஆற்று மணல். மருந்தோ உரமோ விழுந்த நிலத்து மண் ஆகாது. தொழு உரமும் போடக்கூடாது.

பின்பக்கம் வாலிஸ்னேரியா, நடுவில் நீர்ப்பிரம்மி, வேகமாக வளர ஹைட்ரில்லா என்று நடலாம். வாய்க்கால் ஓரத்தில் எடுத்த செடியை வெளிர்சிவப்பு நிறத்தில் கரைத்த பொட்டாசியம் பெர்மாங்கனேட் நீரில் சில நிமிடம் நனைத்து, நல்ல நீரில் அலசி நடவேண்டும். நேர் வெயில் பட்டால் பாசி பிடிக்கும். நாள்தோறும் எட்டு மணி நேரம் விளக்கு வெளிச்சம் போதும். முட்டையிட, பிளந்த தேங்காய்ச் சிரட்டை ஒன்றைக் கவிழ்த்து வைக்கலாம்.

செடி நட்ட பின் நான்கு முதல் ஆறு வாரம் காத்திருக்க வேண்டும். வயலில் இட்ட யூரியாவை மண்ணின் நுண்ணுயிர்கள் அம்மோனியாவாக்கி, பின் நைட்ரேட்டாக மாற்றுவது விவசாயிக்குத் தெரியும். தொட்டியில் மீன் கழிவை மாற்றுவதும் அதே வகை நுண்ணுயிர்கள்தாம். அவை பெருகுமுன் மீனை விட்டால், மீன் தன் கழிவிலேயே மாளும். காத்திருக்கும் நாளில் ஒரு சிட்டிகை மீன் தீவனம் போட்டு வந்தால் நுண்ணுயிர் பெருகும். பிறகு ஒரே ஜோடி. வாரம் ஒருமுறை நாலில் ஒரு பங்கு நீர் மாற்ற வேண்டும்.

கடன் வேண்டாம், கவனம் வேண்டும்

ஒரு தொட்டி வருமானம் தராது, பாடம் தரும். ஓராண்டு ஒரு தொட்டியைப் பழுதின்றி நடத்தி, இரண்டு மூன்று முறை குஞ்சு எடுத்தவரே பத்துத் தொட்டிக்குப் போகலாம். முதலில் விற்பனைக்கு வருவது மீனல்ல, கிள்ளிக் கிள்ளி நட்டுப் பெருக்கிய செடிதான். செடி வளர்ப்பு விவசாயிக்குக் கைவந்த கலை. சென்னை கொளத்தூர் போன்ற வண்ண மீன் சந்தைக்குப் பெரிய அளவில் அனுப்பும் எண்ணம் அதற்குப் பிறகு வரட்டும்.

"குஞ்சை நாங்களே திருப்பி வாங்கிக்கொள்கிறோம்" என்று முன்பணம் கேட்பவரை நம்பக்கூடாது. 2012இல் பெருந்துறைப் பகுதியில் ஈமு கோழி வளர்ப்பில் பணம் இழந்தவர்களின் கதை இதுதான். 2020இல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் கொல்லைப்புற வண்ண மீன் வளர்ப்புக்கு 3 லட்ச ரூபாய் மதிப்பீடும், பொதுப் பிரிவினருக்கு 40 சதம், பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் 60 சதம் மானியமும் வகுக்கப்பட்டன. இப்போது என்ன உதவி உண்டு என்பதை மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் நேரில் கேட்டறிந்த பின்பே செலவில் இறங்க வேண்டும்.

மிஞ்சிய வெளிநாட்டு மீனை ஒருபோதும் கொட்டகுடி ஆற்றில் விடக்கூடாது. 1952இல் நாட்டுக்குள் வந்த ஜிலேபி, அணைகளில் நம் நாட்டுக் கெண்டைகளின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. பிறகு அதை வெளியேற்ற யாராலும் முடியவில்லை.

மீன் சாகும் நீரைத்தான் கீழே உள்ளவர்கள் குடிக்கவும் பாய்ச்சவும் செய்கிறார்கள். தொட்டி வைத்த விவசாயி தெளிப்பானை ஓடையில் கழுவமாட்டார். பக்கத்துத் தோட்டக்காரரையும் கழுவ விடமாட்டார். வண்ண மீனில் லாபம் வருவதற்கு நாளாகலாம். இந்த ஒரு பழக்கத்தின் லாபம் அன்றைக்கே ஊருக்குக் கிடைத்துவிடும்.