ஐ7 இருந்தால் போதுமா?

தேனாம்பேட்டையில் பஸ் ஏறி அண்ணா சாலையிலேயே போனால் கொஞ்ச நேரத்தில் ரிச்சி தெரு. கேம் விளையாட கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யப் போகும் கல்லூரிப் பசங்கள் அங்கே முதலில் கேட்பது "ஐ7 எவ்வளவுண்ணா?" என்றுதான். கிராபிக்ஸ் கார்டு? அது மிச்சம் இருக்கிற காசில். அப்பாவிடம் அடம்பிடித்து வாங்கிய பணம் வீணாவது இந்த இடத்தில்தான்.

ஒரு டிபன் கடையை நினைத்துப் பாருங்கள். ஆர்டர் எடுத்துக் குரல் கொடுப்பவர் பிராசஸர். கல்லில் தோசை ஊற்றும் மாஸ்டர் கிராபிக்ஸ் கார்டு. இவர் நூறு தோசை கேட்டாலும் மாஸ்டரால் ஐம்பதுதான் முடியும் என்றால், டேபிளுக்கு வருவது ஐம்பதுதான். கேமிலும் இதே கதை. ஒரு பிரேமைத் தயார் செய்ய பிராசஸருக்கு 10 மில்லிசெகண்ட், அதை வரைய கார்டுக்கு 20 மில்லிசெகண்ட் ஆனால் நொடிக்கு 50 பிரேம். இன்னும் வேகமான பிராசஸர் போட்டாலும் அது ஏறப்போவதில்லை.

"ஐ7" என்ற பெயரிலும் ஒன்றும் இல்லை. 2011-ல் வந்த ஐ7 2600-க்கு 4 கோர், 8 திரெட். 2022-ல் வந்த ஐ3 12100எஃப்-க்கும் அதே 4 கோர், 8 திரெட். கேமில் முந்துவது அந்த ஐ3தான், அதுவும் நல்ல இடைவெளியில். பழைய ஐ7-ஐ உள்ளே வைத்து "கேமிங் பிசி" என்று யாராவது விற்றால், எத்தனையாவது தலைமுறை என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு மாறும். (அந்த 'எஃப்' என்றால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. கார்டை அப்புறம் வாங்கிக்கலாம் என்றால் அதுவரை மானிட்டர் கறுப்புதான் :))

அதற்காக எல்லாப் பணத்தையும் கார்டில் கொட்டுவதும் தப்பு. 144 ஹெர்ட்ஸ் மானிட்டரில் வேலரண்ட், கவுண்டர் ஸ்ட்ரைக் 2 ஆடுகிறவருக்கு பிராசஸர் முக்கியம். சைபர்பங்க் 2077 என்றால் கார்டு. 4கே திரையில் 1080பி-யை விட 4 மடங்கு புள்ளிகள், அந்தச் சுமை முழுக்கக் கார்டின் தலையில். கேமும் திரையும் மாறினால் கணக்கே மாறிவிடும். அப்புறம் "இந்த ஜோடிக்கு இத்தனை சதவீதம் பாட்டில்நெக்" என்று ஒரே எண்ணைச் சொல்லும் கால்குலேட்டர்கள் ஜோசியம் இல்லாமல் வேறென்ன?

ஏற்கெனவே கம்ப்யூட்டர் வைத்திருப்பவர், புதுசு வாங்கும் முன் கேமில் ரெசல்யூஷனைக் குறைத்துப் பார்க்கலாம். பிரேம் ஏறினால் இழுப்பது கார்டு. அப்படியே நின்றால் பிராசஸர். விசிங்க், பிரேம் லிமிட் இரண்டையும் அணைத்துவிட்டுப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் 60-லேயே நின்று ஏமாற்றும்.