ரோச்சின் கிண்ணத்தையும் ஒருக்கால் பாருங்கள்



ரோச் வாங்கக் கடைக்குப் போனால் நாங்கள் எல்லோரும் ஒரே வேலைதான் செய்கிறோம். சுவிச்சை அழுத்தி, வெளியே தூரத்தில் நிற்கும் பனையில் அடித்து, "எவ்வளவு தூரம் போகுது" என்று பார்க்கிறோம். தூரம் போனால் நல்ல ரோச். விடியப்புறம் தோட்டத்துக்குத் தண்ணீர் மாறப் போகிறவருக்கு அது நல்ல ரோச்சே இல்லை என்பது எங்கள் கருத்து.

மருதனார்மடம், இணுவில், சுன்னாகம் பக்கத்துச் செம்மண் வரம்பில் ஆபத்து 200 மீற்றர் தள்ளி இல்லை, காலடியில் இருக்கிறது. சுருட்டையும் புடையனும் இரவில் திரிகிற பாம்புகள். அசையாமல் கிடந்தால் மண்ணோடு மண்ணாகத்தான் தெரியும். தூரம் அடிக்கிற ரோச்சில் நடுவில் ஒரு பொட்டு மட்டும் பளீரென்று இருக்கும், சுற்றிவர மங்கல். அந்தப் பொட்டையே பார்த்துக்கொண்டு போகிற கண்ணுக்கு ஓரத்தில் கிடப்பது தெரியாது.

இதில் பல்ப்பை விடப் பெரிய பங்கு அதைச் சுற்றியுள்ள வெள்ளிக் கிண்ணத்துக்கு. அது பரவளைவு வடிவம். குவியத்தில் இருக்கும் ஒளி அதில் பட்டுத் தெறித்தால் சமாந்தரக் கதிர்களாக வெளியே போகும். ஆயிரம் வருடத்துக்கு முன் பஸ்ராவில் பிறந்த இப்னு அல் ஹைதம் பரவளைவு ஆடிகளைப் பற்றித் தனி நூலே எழுதினார். அவர் பார்த்தது சூரிய ஒளியை ஒரு புள்ளியில் குவித்து எரிப்பதை. ரோச் அதையே மறுவளமாகச் செய்கிறது. தலையைத் திருகினால் வெளிச்சம் விரிந்து சுருங்குகிற பழைய ரோச்சுகள் பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். பல்ப்பு குவியத்தை விட்டு முன்பின் நகர்வதுதான் அந்த வித்தை.

பொருளாதாரத் தடை இருந்த 90களில் இங்கே பற்றரிக்கே தடை. ஜாம் போத்தல் விளக்கும் சைக்கிள் டைனமோவும்தான். 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட எங்கள் குடும்பங்கள் அப்போது புத்தளத்தில், கிடுகுக் கொட்டிலில், குப்பி விளக்கோடு. ஒரு துளி வெளிச்சத்தை எங்கே விழுத்துவது என்று இரண்டு பக்கத்தாருக்கும் தெரிந்திருந்தது. எல்.ஈ.டி. மலிந்த பிறகு அந்தக் கணக்கு எங்களிடம் இல்லை.

புது ரோச் வாங்கத் தேவையில்லை. கண்ணாடியைக் கழற்றி, அதன் உட்பக்கம் அரைவாசிக்கு மட்டும் எண்ணெய்த்தாளோ மங்கலான செலோடேப்போ ஒட்டுங்கள். ஒட்டிய பாதி காலடிக்கு விரியும், ஒட்டாத பாதி தூரத்துக்குப் போகும். கை சுடுமளவுக்குச் சூடாகும் பெரிய ரோச்சுக்கு மட்டும் தாள் வேண்டாம். நடுப்பொட்டு கோணலாக விழுந்தால் எல்.ஈ.டி. கிண்ணத்தின் நடுவில் இல்லை என்று அர்த்தம். கழற்றி நேராக வைத்து, 3 மீற்றர் தள்ளிச் சுவரில் அடித்துப் பார்த்துச் சரிப்படுத்தலாம். கிண்ணத்தின் விளிம்பு எல்.ஈ.டி.யின் ஈயப்பற்றில் முட்டினால் ஷோர்ட் ஆகும், இடையில் ஒரு மட்டை வளையம் போடுங்கள். கிண்ணத்தைத் துணியால் தேய்க்கவே வேண்டாம். உள்ளே இருப்பது மிக மெல்லிய அலுமினியப் பூச்சு, தேய்த்தால் துணியோடு வந்துவிடும். தூசியை ஊதிவிட்டால் போதும்.

இதே கிண்ணக் கணக்குத் தெரியாமல்தான் மோட்டார் சைக்கிள் லைற்றிலும் விளையாடுகிறோம். அதன் கிண்ணம் பழைய பல்ப்பின் இழை இருக்கும் இடத்துக்கென்றே வடிவமைத்தது. லோ பீம் இழைக்குக் கீழே ஒரு சிறு தகட்டு மறைப்பும் உண்டு, எதிரே வருபவரின் கண்ணுக்கு ஒளி ஏறாமல் தடுப்பது அதுதான். அதைக் கழற்றி வெள்ளை எல்.ஈ.டி. பல்ப்பைச் செருகினால், பெரும்பாலும் ஒளி குவியம் தவறி எல்லாப் பக்கமும் சிதறும். ஓட்டுபவருக்கு "நல்ல வெளிச்சம்". காங்கேசன்துறை வீதியில் மரக்கறி மூட்டையோடு சந்தைக்குச் சைக்கிள் உழக்கி வருபவருக்கும், சுபஹ் தொழுகைக்கு நடந்து போகிறவருக்கும் சில விநாடி கண் தெரியாது. தம்பிமார் கோபித்தாலும் பரவாயில்லை, அந்தப் பல்ப்பைக் கழற்றிப் பழையதைப் போடுங்கள்.

கடைக்கார அண்ணைமாரிடமும் ஒன்று கேட்கிறோம். ரோச் காட்டும்போது தூரத்தில் மட்டுமல்லாமல் நிலத்திலும் ஒருக்கால் அடித்துக் காட்டுங்கள்.

தோட்டத்துக்குத் தனியே போகிற அப்பா, வாப்பா, அம்மப்பா யாருடைய ரோச்சாக இருந்தாலும் பிள்ளைகளிடம் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிடுங்கள். எண்ணெய்த்தாள் எங்களிடம் இருக்கிறது.