ஒரு நட்சத்திரக் குறி

பெர்மாஸ் ஜெயாவில் எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர் டியூஷன் சென்டர் நடத்துகிறார். வானொலி வேலை இல்லாத சனிக்கிழமைகளில் நான் அங்கே போய் உதவுவேன். கணினி அறையில் பன்னிரண்டு திரைகள் இருக்கின்றன. ஆனால் உண்மையில் வேலை செய்வது மூலையில் இருக்கும் சர்வர் ஒன்றுதான். பிள்ளைகளின் மேசையில் இருப்பவை 'தின் கிளையண்ட்' எனும் சின்னப் பெட்டிகள். மாமாக் கடை மாதிரிதான்: மேசைகள் பல, அடுப்படி ஒன்று.

சர்வரில் உட்கார்ந்தபடியே மாணவர் திரைக்குச் செய்தி அனுப்பலாம். விண்டோஸில் 'எம்.எஸ்.ஜி' என்ற கட்டளையைத் தட்டி, பயனர் பெயரையும் செய்தியையும் எழுதினால், அவர் திரையில் சின்னக் கட்டமாக அது எழும்பும். பெயருக்குப் பதில் நட்சத்திரக் குறி போட்டால் எல்லாருக்கும் போகும். சர்வரை நிறுத்தினால் பன்னிரண்டு பேரின் வேலையும் சேர்ந்து நின்றுவிடும் என்பதால் இந்த வசதி மிகவும் அவசியம்.

அன்று முதலில், "பத்து நிமிடத்தில் சர்வர் நிற்கும், எழுதியதைச் சேமித்துவிடுங்கள்" என்று எல்லாருக்கும் அனுப்பினேன். அடுத்தது ஐந்தாம் படிவ மாணவி ஒருத்திக்கு மட்டும் போக வேண்டியது. அவள் பெயரைப் போட்டு, "இரண்டு மாதக் கட்டணம் பாக்கி, அம்மாவிடம் சொல்" என்று எழுதினேன். சோம்பலில் பழைய கட்டளையையே வரவழைத்து வாசகத்தை மட்டும் மாற்றினேன். நட்சத்திரக் குறி அப்படியே இருந்துவிட்டது.

பன்னிரண்டு திரையிலும் அவள் கடன். யாரோ சிரித்தார்கள். அவள் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இந்தச் சிக்கல் புதிதல்ல. 1971இல் வந்த யூனிக்ஸ் இயங்குதளத்திலேயே மற்றவர் திரைக்கு எழுதும் 'ரைட்' கட்டளை இருந்தது. கூடவே, செய்தி வேண்டாம் என்று தடுக்க 'மெஸ்ஜ்' கட்டளையும் இருந்தது. விண்டோஸிலும் 'நெட் சென்ட்' என்று ஒன்று இருந்தது. விளம்பரக்காரர்கள் அதன் வழியே இணையத்திலிருந்து தொல்லை கொடுக்கத் தொடங்கினார்கள். அதனால் 2004இல் வந்த எக்ஸ்பி இரண்டாம் சர்வீஸ் பேக்கில் மைக்ரோசாப்ட் அந்தச் சேவையை அணைத்தே வைத்தது. ஆனால் யூனிக்ஸில் நிர்வாகி அனுப்பினால் தடை செல்லாது. கதவு அவருக்கு எப்போதும் திறந்திருக்கும். ஆகவே கவனமும் அவருடையதுதான்.

வானொலி நிலையத்தில் மைக் திறந்திருந்தால் சிவப்பு விளக்கு எரியும். சொந்தப் பேச்சு எதுவும் அப்போது வாயில் வராது. சர்வரின் முன்னால் அந்த விளக்கு இல்லை. எனக்கு நானே அதை எரியவிட்டிருக்க வேண்டும்.

அன்று மாலையே அண்ணனோடு அவள் வீட்டுக்குப் போனேன். அம்மா தேநீர் கொடுத்தார். அவள் அறையை விட்டு வெளியே வரவில்லை. கதவுக்கு வெளியே நின்றே மன்னிப்புக் கேட்டேன்.

இப்போது கட்டணம், மதிப்பெண், கண்டிப்பு எதையும் நான் திரையில் அனுப்புவதில்லை. என்ன நடக்கப் போகிறது, எப்போது, பிள்ளைகள் என்ன செய்ய வேண்டும் என்பது மட்டுமே போகும். அனுப்பும் முன் யாருக்கு என்பதை ஒருமுறை வாய்விட்டுப் படிக்கிறேன்.

இரண்டு வாரம் கழித்து அவள் வந்தாள். போகும்போது என்னிடம் வந்து சொன்னாள்: "அக்கா, அடுத்த தடவை கூப்பிட்டே சொல்லுங்க. நான் நாலு மேசை தள்ளித்தானே இருந்தேன்?"